மின்னூலா, கருவியா, சந்தாவா, அச்சா: தமிழ் வாசகரின் செலவுக் கணக்கு

அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலை வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பட்டியல் போடச் சொல்வேன். போன வருஷம் முழுசாகப் படித்து முடித்த புத்தகங்கள் என்னென்ன? அவற்றில் தமிழ் எத்தனை, ஆங்கிலம் எத்தனை? புது எழுத்தாளர்களா, பழைய நூல்களா? காசு கொடுத்து வாங்கியவையா, இரவல் வாங்கியவையா? இந்தப் பட்டியல் இல்லாமல் பேச ஆரம்பித்தால் பேச்சு திரை அளவு, பேட்டரி, தண்ணீர் பட்டால் தாங்குமா என்று போய்விடும். பட்டியலைப் பார்த்தால்தான் மின்வாசிப்பு ஒருவருக்கு மிச்சமா, கூடுதல் செலவா என்று சொல்ல முடியும். அதிலும் தமிழில் படிக்கிறவருக்கு வரும் விடை, ஆங்கிலத்தில் மட்டும் படிக்கிறவருக்கு வரும் விடையாக இருப்பதில்லை.

முதலில், கருவி விற்கிறவர்கள் தொடங்கி நண்பர்கள் வரை எல்லோரும் சொல்லும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். மின்னூல் மலிவு, புத்தகத்துக்குப் புத்தகம் மிச்சமாகும் காசிலேயே கருவியின் விலை வந்துவிடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் புதிய கிண்டில் பேப்பர்வைட் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 16,999 ரூபாய். உறை தனிச் செலவு, அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். 300 ரூபாய் விலை போட்ட ஒரு தமிழ் நாவல், சென்னைப் புத்தகக் காட்சியின் வழக்கமான 10 சதவீதக் கழிவில் 270 ரூபாய்க்குக் கிடைக்கும். அதே நாவலின் மின்பதிப்பு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 70 ரூபாய். 17,000 ரூபாயை எழுபது எழுபதாக மிச்சம் பிடிக்க ஏறக்குறைய 243 புத்தகங்கள் வாங்க வேண்டும். மாதம் இரண்டு புத்தகம் படிக்கிறவருக்கு அது பத்து வருஷ வேலை. தாராளமாக, புத்தகத்துக்கு 150 ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் 113 புத்தகங்கள் ஆகும், அதாவது ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் பேட்டரி தளர்ந்திருக்கும், ஒருமுறையாவது கீழே விழுந்திருக்கும். ஈ-இங்க் திரை (தாளில் அச்சிட்டதுபோலத் தெரியும் மின்மைத் திரை) உடைந்தால் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டு, புதுசே வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள்தான் அதிகம்.

ஆக, இன்றைய தமிழ்ப் புத்தக விலையில் மின்பதிப்பை வாங்கிக் கருவியின் காசை மீட்பது நடக்கிற காரியமில்லை. ஆங்கிலத்தில் நிறைய வாங்கிப் படிப்பவருக்கு இது மாறும். வெளிநாட்டிலிருந்து வரும் கெட்டி அட்டைப் புத்தகம் ஆயிரத்தைத் தாண்டும்போது, அதன் மின்பதிப்பு அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பது சாதாரணம். அப்படி முப்பது நாற்பது புத்தகங்களில் கருவிக்குப் போட்டது திரும்பி வந்துவிடும்.

தமிழில் மிச்சம் இவ்வளவு சின்னதாக இருப்பதற்கு முக்கியக் காரணம், அச்சுப் புத்தகமே நம் ஊரில் ஓரளவு மலிவு என்பது. வரியும் சேர்ந்துகொள்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்னூலுக்கு உண்டு. ஆரம்பத்தில் அது 18 சதவீதமாக இருந்தது. 2018 ஜூலையில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் அச்சுப் பதிப்பும் இருக்கிற மின்னூலுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. அச்சடிக்கப் பணமில்லாமல் நேரடியாக மின்னூலாக வெளியிட்ட எழுத்தாளரின் நூலுக்குக் குறைப்பு இல்லை. இது எனக்கு நியாயமாகவே படவில்லை. புத்தகத்துக்கு வரி வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு, அது தாளில் இருந்தால் என்ன, திரையில் இருந்தால் என்ன?

இன்னொரு சிக்கல், கிடைப்பது. 2016 டிசம்பரில்தான் அமேசான் கிண்டிலில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு முறையான இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஏராளமான நூல்கள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனாலும் நீங்கள் போட்ட பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் கடைச் செயலியில் தேடிப் பாருங்கள். நவீன இலக்கியம், கவிதை, சிறுபத்திரிகை சார்ந்த பதிப்பகங்களின் வெளியீடுகள் என்று படிக்கிறவராக இருந்தால், பட்டியலில் பாதி மின்னூலாகக் கிடைக்கவில்லை என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். குழந்தைகளுக்கான படப் புத்தகத்தைக் கறுப்பு வெள்ளைத் திரையில் பார்க்கிறதில் பிரயோசனமே இல்லை. இப்படிப்பட்ட வாசகர் கருவிக்கும் காசு போட்டு, அச்சுக்கும் காசு போட்டுக்கொண்டிருப்பார். அவர் அந்தப் பதினேழாயிரத்தை அப்படியே ஜனவரி புத்தகக் காட்சிக்கு எடுத்துவைத்தால் அறுபதுக்கு மேல் புத்தகம் வாங்கலாம் என்பது என் கருத்து.

சரி, அப்படியானால் கருவி யாருக்கு? காசு கொடுக்காமல், அதுவும் சட்டப்படியே கிடைக்கும் நூல்களைப் படிக்கிறவருக்கு. இந்த விஷயத்தில் தமிழ் வாசகர் கொடுத்துவைத்தவர். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில், உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், எழுத்தாளர்கள் தாங்களாகவே படைப்பாக்கப் பொதும உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற அனுமதியில்) கொடுத்த நூல்களை வெளியிடுகிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் நூலகம் திட்டம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் குவிந்து கிடக்கின்றன.

இவற்றோடு நாட்டுடைமை என்ற ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரை நீடிக்கும். தமிழ்நாட்டிலோ அதற்குக் காத்திராமல், அரசே குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்துகளைப் பொதுவாக்கும் வழக்கம் இருக்கிறது. 1949இல் பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை அரசு வாங்கியது இதன் தொடக்கம். கல்கியின் எழுத்துகளும் இப்படிப் பொதுவுக்கு வந்தவைதான். அவருடைய நீண்ட சரித்திர நாவல்களைப் படிக்க ஒருவர் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை. பட்டியலில் பாதிக்கு மேல் இந்த வகை நூல்கள் இருந்தால் கருவிக்கான காசு வீண் போகாது. ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 3,400 ரூபாய், மாதம் 285க்கும் கீழே. படிக்கிற நூலுக்குக் காசில்லை எனும்போது இது தாங்கக்கூடிய செலவு.

ஆனால் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தட்டச்சு செய்யப்பட்ட நூல் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் இருந்தால் பேப்பர்வைட்டின் ஏழு அங்குலத் திரையில் அருமையாக இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும். வருடிய பிடிஎஃப் அப்படி இல்லை, அது வெறும் படம். 1930களில் அச்சான ஒரு புத்தகத்தின் பக்கத்தைப் பேப்பர்வைட்டில் திறந்தால், மஞ்சளாகிப்போன தாள் சாம்பல் நிறப் பின்னணியாகத் தெரியும். அதன்மேல் எழுத்துகள் அரிசி நொய் போலச் சிறுத்திருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கினால் திரை ஒருமுறை கறுத்து வெளுத்து, ஒரு நொடி யோசித்து, பக்கத்தின் ஒரு மூலையைக் காட்டும். அங்கிருந்து வலது பக்கம் தள்ளி வரியை முடித்து, மறுபடி இடது பக்கம் வந்து அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் படித்த விஷயம் மறந்துவிடும். ஆராய்ச்சிக்காகப் பழைய பதிப்புகளையும் இதழ்களையும் புரட்டுகிறவர்கள் கிண்டில் பக்கம் போகவே வேண்டாம். அதே விலைக்குப் பத்து அங்குல டேப்லெட் ஒன்று வாங்குவதுதான் அவர்களுக்குச் சரி. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்காரர்கள் இந்தத் தொல்லையை உணர்ந்து, ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப் தயாரித்துக் கொடுக்கிறார்கள். படிப்பவரின் கையில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் செய்த வேலை அது.

இதில் இன்னொரு நடைமுறை விஷயம். பழைய தளங்களில் இன்னும் மோபி (கிண்டிலின் பழைய மின்னூல் வடிவம்) கோப்புகள் கிடக்கின்றன. சொந்தக் கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும் சேவை 2022 முதல் இபப்பை ஏற்கிறது, மோபியை இப்போது ஏற்பதில்லை. இரண்டும் இருந்தால் இபப்பையே இறக்குங்கள்.

கையில் ஏற்கெனவே போன் இருக்கிறதே, அது போதாதா? செலவு என்று பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கிண்டில் செயலி இலவசம், மேலே சொன்ன இலவச நூல்கள் எல்லாம் போனிலும் திறக்கும். ரயிலில், பஸ்ஸில், மருத்துவமனை வரிசையில் போனிலேயே பெரிய நாவல்களை முடித்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். தமிழுக்கு மட்டும் போனில் ஒரு தொல்லை உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒன்று வந்தால், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருப்பவரின் போனில் ஒரு முழு வரியும் போய்விடும். அதற்கு முந்தைய வரியில் இரண்டே சொற்கள் இடைவெளி விட்டு நிற்கும். கண் ஒரே ஓட்டமாக ஓடாமல் தடுக்கித் தடுக்கிப் போகும். ஏழு அங்குலத் திரையில் வரிக்கு ஐந்தாறு சொற்கள் வருவதால் இந்தத் தடுக்கல் பெரும்பாலும் தெரியாது. அப்புறம் வாட்ஸ்அப்பும் மற்ற அறிவிப்புகளும். அவை இழுக்கிற பக்கம் போகாமல் இருக்க முடிகிறவர் புதுக் கருவிக்குச் செலவழிக்கவே தேவையில்லை. என் யோசனை, முதல் இரண்டு மூன்று மாதம் போனிலேயே படித்துப் பாருங்கள் என்பதுதான். ஒரு புத்தகம்கூட ஓடவில்லை என்றால், படிக்க விடாமல் செய்தது திரையா, நேரமின்மையா என்று யோசியுங்கள். நேரமின்மை என்றால் 17,000 ரூபாய் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

இதுவரை போட்ட கணக்கு எதுவும் பொருந்தாத ஒருவகை வாசகர் உண்டு. வீட்டில் இருக்கும் பெரியவர்கள். என் அப்பாவுக்கு வாசிப்பு நின்றுபோனதற்குக் காரணம் ஆர்வம் குறைந்தது அல்ல. மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தும், கெட்டியான ஒரே தொகுதியாகக் கட்டிய புத்தகங்களின் கனமும்தான். லென்ஸை ஒரு கையில் பிடித்து, கிலோ கணக்கில் கனக்கும் புத்தகத்தை இன்னொரு கையில் தாங்கி எத்தனை நேரம் படிப்பது? பேப்பர்வைட்டின் எடை 211 கிராம். எழுத்தை அவருக்குத் தோதான அளவுக்குப் பெரிதாக்கி, பக்கம் திருப்ப எங்கே தொட வேண்டும் என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன். “ராத்திரி லைட்டை அணைச்சிட்டா இதுல தெரியுமாப்பா?” என்றுதான் முதலில் கேட்டார். தெரியும் என்றதும் வாங்கிக்கொண்டவர் பிறகு அதைத் திருப்பித் தரவில்லை. பார்வை குறைந்தவருக்கும், மணிக்கட்டு வலி உள்ளவருக்கும் இந்தக் கருவியை வாங்குவது மூக்குக்கண்ணாடி வாங்குகிற மாதிரியான செலவு. மிச்சம் பிடிக்க முடியுமா என்று பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது.

சந்தாவுக்கு வருவோம். தமிழ் வாசகர்களின் பணம் சத்தமில்லாமல் கரைகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மாதாமாதம் பணம் கட்டி, அதில் அடங்கிய நூல்களை எவ்வளவு வேண்டுமானாலும் படிக்க விடும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் சந்தா 2015இல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 199 ரூபாய், பிறகு 169 ஆனது. 169 என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். வருஷத்துக்கு 2,028. ஐந்து வருஷத்துக்கு 10,140. கருவியையும் சேர்த்தால் 27,139 ரூபாய். இந்தப் பணத்தில் 270 ரூபாய்ப் புத்தகம் நூறு வாங்கலாம். அதாவது கருவியும் சந்தாவும் வைத்திருப்பவர், சந்தாவில் அடங்கிய நூல்களை மட்டும் வருஷத்துக்கு இருபதுக்கு மேல் படித்து முடித்தால்தான் அச்சு வாசகரைவிட மலிவாகப் படிக்கிறார். அவ்வளவு படித்தும் கடைசியில் அலமாரியில் ஒன்றும் இருக்காது, சந்தாவை நிறுத்தினால் எடுத்துவைத்த நூல்கள் எல்லாம் திரும்பிப் போய்விடும்.

இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். குடும்ப நாவல், துப்பறியும் கதை, தொடர்கதை என்று வாரத்துக்கு இரண்டு மூன்று முடிக்கும் வேகமான வாசகர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. அந்த வகை நாவல்கள் தமிழில் சந்தாவுக்குள் ஏராளமாக இருக்கின்றன. அவர்களுக்குத் தனிக் கருவிகூட வேண்டாம், போனும் சந்தாவும் போதும். ஆனால் மாதம் ஒன்றிரண்டு இலக்கிய நூல் படிக்கிறவர், ‘எப்போதாவது தேவைப்படும்’ என்று சந்தாவை ஓடவிட்டு வைத்திருப்பது வீண். தேவையான நூல்களில் சந்தாவுக்குள் இருப்பவற்றைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்து சேர்ந்ததும் இரண்டு மாதம் கட்டி, படித்து முடித்து, நிறுத்திவிடுங்கள். தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் மறக்காமல் ரத்து செய்யுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மிகச் சொற்பத் தொகைக்கு உறுப்பினராகி வருஷம் முழுக்கப் படிக்கலாம் என்பதையும் சந்தா கட்டுவதற்கு முன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மின்னூலைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது அச்சுப் புத்தகம் மாதிரி நம் சொத்து இல்லை. படிப்பதற்கான அனுமதி மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. 2009 ஜூலையில், பதிப்பாளருக்கு உரிமை இல்லாமல் விற்கப்பட்டவை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை அமேசான் வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்கள் எல்லாம் படிக்க முடியாமல் போயின. அங்கேயும் பணம் திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு, வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. அச்சுப் புத்தகத்தைப் படித்து முடித்து நண்பருக்குக் கொடுக்கலாம். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் போட்டுக் கொஞ்சம் காசாவது பார்க்கலாம். மின்னூலில் இரண்டுக்கும் வழியில்லை. ஆகவே நான் ஒரு வரையறை வைத்திருக்கிறேன்: ஒருமுறை படித்துவிட்டு விடுகிற நூல் மின்பதிப்பில், மறுபடி மறுபடி எடுக்கப்போகிற நூல் அச்சில்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சென்னையிலிருந்து டொராண்டோவுக்கோ லண்டனுக்கோ ஒரு புத்தகத்தை வரவழைத்தால், பல சமயம் தபால் கட்டணம் புத்தக விலையைத் தாண்டிவிடும். அங்கே இருக்கிறவர் ஒரே வருஷத்தில்கூடக் கருவியின் காசை மீட்டுவிடலாம். சிங்கப்பூரில் இருந்தால் வாங்குவதற்கு முன் தேசிய நூலக வாரியத்தைப் பாருங்கள். லிபி (Libby) என்ற நூலகச் செயலி வழியாகத் தமிழ் மின்னூல்களையும் இலவசமாக இரவல் தருகிறார்கள். லிபியில் எடுத்த நூலைக் கிண்டிலில் படிக்கும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே என்பதால், சிங்கப்பூர்வாசிக்குப் போனோ டேப்லெட்டோதான் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் கருவி வேண்டும் என்று முடிவானால், புதுசைவிடப் பழைய கருவியை நான் முதலில் தேடச் சொல்வேன். ஆர்வத்தில் வாங்கி, படிக்காமல் பெட்டியில் வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் பாதி விலைக்கு நல்ல நிலையில் கிடைக்கும். ஈ-இங்க் திரை பக்கம் மாறும்போதுதான் பெரும்பாலும் மின்சாரம் எடுக்கும் என்பதால், கொஞ்சம் பழசான பேட்டரிகூட நாள்கணக்கில் தாங்கும். வாங்கும்போது, விற்கிறவர் தன் கணக்கிலிருந்து கருவியை விடுவித்துவிட்டாரா என்று பார்த்து, அங்கேயே உங்கள் கணக்கில் சேருங்கள். விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துத் திரையில் கறுப்புப் புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தமிழ் நூலைத் திறந்து ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ உள்ள பக்கத்தைத் தேடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலோ, எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் தெரிந்தாலோ, அது தமிழ் வசதி வருவதற்கு முந்தைய கருவி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.